பழைய ஸ்பிளெண்டருக்கு வீட்டிலேயே பிஸ்டன் ரிங் மாற்றலாமா?

கேள்வி: செக்கானூரணி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். 1999ஆம் ஆண்டில் அப்பா வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் இன்றும் எங்கள் வீட்டில் அன்றாட ஓட்டத்தில் இருக்கிறது. உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போய்வருவதும் அதில்தான், தோட்டத்துக்கு உர மூட்டை போவதும் அதில்தான். சில மாதங்களாக எஞ்சின் ஆயில் குடிக்கிறது. ஆயில் மாற்றி ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் அளவுக்கம்பியின் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்பதால் ஒழுகல் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆண்டிபட்டி கணவாயில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக முறுக்கிப் பிடித்தால் பின்னால் நீலப் புகை தெரிகிறது. இறக்கத்தில் கியரிலேயே விட்டுக்கொண்டு வந்து, சமதளத்தில் மறுபடி முறுக்கும்போது அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. காலையில் முதல் கிக்கிலும் புகை இல்லை. பிளக்கைக் கழற்றினால் கருப்பாக, ஈரப்பசையோடு வருகிறது. இழுவை குறைந்திருப்பதை, இரண்டு பேர் ஏறினால் கியரை இறக்க வேண்டியிருப்பதிலிருந்தே உணர முடிகிறது.

ஊரில் விசாரித்தபோது, பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), பிஸ்டன் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கோ பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் செட்டை மட்டும் மாற்றினால் போதுமா என்ற எண்ணம் இருக்கிறது. அதையும் நானே செய்ய விரும்புகிறேன். கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட், கார்புரேட்டர் வேலைகளை வீட்டில் செய்து பழக்கம் உண்டு, பிளாக்கை மூடியிருக்கும் ஹெட்டைத் திறந்ததில்லை. எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா? ரிங் மட்டும் போதுமா, போர் போட (தேய்ந்த உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்த) வேண்டுமா என்பதை வீட்டில் இருக்கும் கருவிகளைக்கொண்டு எப்படித் தீர்மானிப்பது? என்னிடம் வெர்னியர் இருக்கிறது, மெல்லிய தகட்டு இதழ்களால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இருக்கிறது, மைக்ரோமீட்டர் இல்லை.

பதில்: திருமங்கலம் பட்டறைக்காரர்

தம்பி, நீங்கள் புகை எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்பதைக் கவனித்து எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் எரிவதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. வால்வு தண்டின் சீல் தேய்ந்திருந்தால், இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது புகை வரும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடிக்கொண்டு வந்துவிட்டுத் திறக்கும்போதும் வரும், ஏனென்றால் மூடிய நிலையில் உள்ளே ஏற்படும் வெற்றிடம் வால்வு தண்டின் வழியாக ஆயிலை உறிஞ்சி வைத்திருக்கும். ரிங் தேய்ந்திருந்தால், ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போதுதான் புகை. கணவாயில் ஏறும்போது மட்டும் புகை என்றால் சந்தேகம் முதலில் ரிங் மீதும் பிளாக்கின் உட்சுவர் மீதும்தான் போக வேண்டும்.

ஆனால் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றி, கம்ப்ரெஷன் கூடுகிறதா என்று பார்க்கும் முறையைப் பலர் சொல்வார்கள். செங்குத்தான சிலிண்டரில் அது நல்ல முறை. ஸ்பிளெண்டரின் சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்திருக்கிறது. ஊற்றிய ஆயில் கீழ்ப்பக்கச் சுவரில் தேங்கி நின்றுவிடும், ரிங்கைச் சுற்றிலும் பரவாது. அதனால் இந்த எஞ்சினில் அந்த முடிவை நம்பி நான் எதையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அதைவிடக் காற்றைச் செலுத்திப் பார்ப்பது தெளிவானது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, இரும்புக் கூட்டில் சைக்கிள் டியூப் வால்வைப் பற்றவைத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரெஷன் மேல்முனையில் பிஸ்டன் இருக்கும்படி வைத்து, கியரில் போட்டுப் பின்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பஞ்சர் கடைக் காற்றை 30 பி.எஸ்.ஐ. அளவில் செலுத்துங்கள். கிக்கர் பக்கம் காலை வைக்க வேண்டாம். பிஸ்டன் மேல்முனையிலிருந்து சற்று விலகியிருந்தாலும் காற்று அதைத் தள்ளிவிடும். ஆயில் ஊற்றும் துளையில் காதை வைத்துக் கேட்டால் சீறல் வருகிறதா? அது ரிங் வழியாக வரும் காற்று. கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஓரளவு சீறல் புதிய எஞ்சினிலும் ஆயில் துளையில் இருக்கும். காற்றை நிறுத்தியதும் நொடியில் அடங்கிப்போகும் அளவுக்குப் பலமாக இருந்தால்தான் கோளாறு.

எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றிவிட்டால் ஹெட்டும் பிளாக்கும் முன்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். பிளாக்கை எடுத்தவுடன், வேறு எதையும் பார்ப்பதற்கு முன், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து அதன் நீளவாக்கில் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு. நீளவாக்கில் 'டக்' என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் பெரிய முனை பேரிங் போய்விட்டது என்று பொருள். அந்த நிலையில் மேலே எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும் பயனில்லை, கிராங்க்கை இறக்கத்தான் வேண்டும். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

பதில்: வாடிப்பட்டி வாசகர்

மேலே அண்ணன் சொன்ன சோதனைகளில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனாலும் என் கருத்து வேறு. கால் நூற்றாண்டு ஓடிய பிளாக்கில் புதிய ரிங் மட்டும் போட்டு, அது நெடுநாள் தாங்கி நான் பார்த்ததில்லை. பழைய சுவரின் மேல்விளிம்பில் ரிங் ஏறாத இடத்தில் ஒரு மேடு நின்றுவிடும். புதிய ரிங்கின் கூரான விளிம்பு அதில் மோதி ரிங் உடையக்கூட வாய்ப்பிருக்கிறது. லேத்துக்கு எடுத்துக்கொண்டு அலைவதைவிட, பிளாக், பிஸ்டன், ரிங், பின், லாக் எல்லாம் ஒன்றாக வரும் கிட்டை வாங்கிப் போட்டுவிட்டால் ஒரே நாளில் வேலை முடியும். அளவு எடுக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் பாதுகாப்பான வழி என்று நினைக்கிறேன்.

பதில்: ஐ.டி.ஐ. பயிற்றுநர், மதுரை

வாடிப்பட்டி நண்பர் சொல்லும் மேடு உண்மையான ஆபத்துதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிட் வாங்கினால் அளவு எடுக்க வேண்டாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சந்தையில் இந்த வண்டிக்குக் கிடைக்கும் பிளாக்குகள் எல்லாம் ஒரே தரம் அல்ல. பெட்டியில் ஒரு பெயரும் உள்ளே வேறு வார்ப்பும் இருப்பது அரிது அல்ல. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி தவறாக இருந்தால், குறைந்த பக்கம் தவறினால் சூட்டில் இறுகும், கூடிய பக்கம் தவறினால் முதல் நாளிலிருந்தே தட்டும். புதிதாக வாங்கிய கிட்டையும் அளந்துதான் போட வேண்டும். அளக்கத்தான் வேண்டும் என்றால், பல ஆண்டுகள் சூடேறி ஆறி நிலைபெற்ற பழைய பிளாக்கை முதலில் அளப்பதில் என்ன குறை? ஸ்பிளெண்டரின் பிளாக் அலுமினியம்தான் என்றாலும் உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு ஸ்லீவ். அதைக் கடைந்து 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று கூடுதல் அளவுப் பிஸ்டன் போடுவதற்காகவே அந்தத் தடிமன் இருக்கிறது. இதுவரை ஒரு முறைகூடப் போர் போடாத பிளாக் என்றால் அதைக் கழிப்பதற்கு எனக்கு மனம் வராது.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெர்னியரை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். உள்விட்டம் அளக்கும் அதன் நுனிகள் தட்டையானவை. வளைந்த சுவரில் சரியாகப் பொருந்தாது. நமக்குத் தேவைப்படும் நுட்பம் நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவிலானது. வெர்னியர் அவ்வளவு துல்லியமாகக் காட்டாது. உங்களிடம் இருக்கும் ஃபீலர் கேஜே போதும், கூடவே ஒரு ரிங் இருந்தால்.

ரிங்கைப் பிளாக்கின் வாயில் வைத்து, பிஸ்டனின் தலையால் உள்ளே தள்ளுங்கள். கையால் தள்ளினால் சாய்ந்து நிற்கும், அளவு பொய்யாகிவிடும். நின்ற இடத்தில் ரிங்கின் இரண்டு நுனிகளுக்கும் இடையே எந்த இதழ் சற்றே உரசிக்கொண்டு நுழைகிறது என்று பாருங்கள். இதை மூன்று இடங்களில் செய்ய வேண்டும்: பிளாக்கின் அடிப்பகுதியில் ரிங் ஓடாத இடம், நடுப்பகுதி, மேல்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 10 மி.மீ. கீழே. மேலிருந்து கீழ்வரை இடைவெளி ஒன்றாகவே இருந்தால் சுவர் தேயவில்லை. மேலே அதிகமாக இருந்தால், அந்த வேறுபாட்டை 3.14ஆல் வகுங்கள், கிடைப்பது மேலே விட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்ற கணக்கு. சுற்றளவு கூடினால் ரிங்கின் நுனிகள் விலகும் என்பதுதான் இதன் அடிப்படை. பட்டறையில் மைக்ரோமீட்டர் இல்லாத காலத்துக் கைமுறை இது. இன்றும் வழி காட்டப் போதுமானது.

பழைய ரிங்கை வைத்து அளந்தால் சுவரின் சாய்வு தெரியும். ஆனால் ரிங்கும் தேய்ந்திருப்பதால் மொத்த இடைவெளியை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆகவே ஸ்டாண்டர்டு அளவில் ஒரு புதிய ரிங் செட்டை மட்டும் வாங்கி அதன் முதல் ரிங்கை வைத்து அளப்பது நல்லது. 50 மி.மீ. போரில் (உள்விட்டத்தில்) புதிய ரிங்கின் நுனி இடைவெளி 0.10 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 0.50ஐத் தாண்டிய இடத்தில் அந்த ரிங் வேலை செய்யாது.

இன்னொரு பார்வையும் தேவை. ரிங்கை உள்ளே வைத்துவிட்டு, பிளாக்கின் அடிப்பக்கத்தில் டார்ச் வெளிச்சத்தைக் காட்டி மேலிருந்து பாருங்கள். ரிங்குக்கும் சுவருக்கும் இடையில் எங்காவது வெளிச்சக் கீற்று தெரிந்தால், அந்த இடத்தில் வட்டம் குலைந்திருக்கிறது. நுனி இடைவெளி எவ்வளவு சரியாக இருந்தாலும் குலைந்த வட்டத்தில் புதிய ரிங் படியாது.

பிஸ்டனையும் மறக்க வேண்டாம். ரிங் உட்காரும் பள்ளங்களில் படிந்திருக்கும் கரியை, உடைந்த பழைய ரிங் துண்டின் முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய ரிங்கை அதில் வைத்து மேலும் கீழும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.10 மி.மீ. இதழ் எளிதாக நுழைந்தால் பள்ளமே அகன்றுவிட்டது; பிஸ்டனும் மாற வேண்டும். ரிங் பள்ளத்துக்குள் மேலும் கீழும் ஆடும்போதெல்லாம் அடியிலுள்ள ஆயிலை மேலே ஏற்றிவிடும்.

கேட்டவர்: செக்கானூரணி வாசகர்

அனைவருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன். காற்றைச் செலுத்தியபோது ஆயில் ஊற்றும் துளையில் சீறல் பலமாக இருந்தது. சைலன்சர் பக்கம் மெல்லிய ஒலி மட்டும் கேட்டது. ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றிவிட்டேன். கனெக்டிங் ராடில் நீளவாக்கில் ஆட்டம் இல்லை. புதிய ஸ்டாண்டர்டு ரிங்கை வைத்து அளந்ததில், அடிப்பகுதியில் 0.20, நடுவில் 0.35, மேலே 0.55 மி.மீ. வெளிச்சம் காட்டிப் பார்த்தபோது மேற்பகுதியில் ஒரு பக்கம் மெல்லிய கீற்று தெரிகிறது. மேல்விளிம்பில் நகத்தால் தடவினால் மேடு தட்டுப்படுகிறது. பிஸ்டன் தலையில் எந்தக் கூடுதல் அளவும் பொறிக்கப்படவில்லை, ஆகவே இதற்கு முன் போர் போட்டதில்லை என்று நினைக்கிறேன். ஸ்டாண்டர்டு ரிங்கோடு மூடிவிடலாமா?

பதில்: திருமங்கலம் பட்டறைக்காரர்

மூட வேண்டாம் தம்பி. 0.55இலிருந்து 0.20ஐக் கழித்தால் 0.35, அதை 3.14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.11 மி.மீ. மேலே விட்டம் அவ்வளவு கூடியிருக்கிறது. இந்தச் சுவரில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் ரிங் மேலே போகும்போது விரிந்து, கீழே வரும்போது சுருங்க வேண்டும்; எஞ்சின் வேகத்தில் அதற்கு நேரம் கிடையாது. சில வாரம் புகை குறைந்தது போலத் தெரிந்து, மறுபடி வரும். வாடிப்பட்டி நண்பர் சொன்ன மேடும் இருக்கிறது. ஆகவே ரிங் மட்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆனால் புதிய பிளாக்கும் தேவையில்லை. இது போர் போட வேண்டிய பிளாக்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். 0.25 கூடுதல் அளவுப் பிஸ்டனை முதலில் வாங்கிக்கொண்டு லேத்துக்குப் போவார்கள். தேய்மானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், பழைய மையத்தை விடாமல் கடையும்போது 0.25இல் அந்தப் பள்ளம் முழுதாகத் துடைபடாமல் போகலாம், அப்போது 0.50க்குப் போக வேண்டிவரும், வாங்கிய பிஸ்டன் வீணாகும். உங்கள் கணக்குப்படி 0.11 மி.மீ. தேய்மானம் முழுதும் ஒரே பக்கம் இருந்தால் மையத்திலிருந்து விட்டத்தில் 0.22 கடைய வேண்டும்; 0.25க்குள் அடங்கினாலும் விளிம்பில்தான் நிற்கிறது. எனவே முதலில் பிளாக்கை மட்டும் லேத்துக்கு எடுத்துச் சென்று, உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து அளந்து எந்த அளவு என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்த அளவுப் பிஸ்டனை வாங்குங்கள். பிறகு பிஸ்டனை அவர் கையில் கொடுத்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பக் கடையச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பிக் கடைகிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். புதூர் தொழிற்பேட்டையிலோ கப்பலூரிலோ நல்ல கைகள் இருக்கின்றன. போர் கேஜ் வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

லேத்துக்காரர்கள் இன்றும் 'தவ்' கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு தவ் என்பது 0.025 மி.மீ. இந்தச் சிறிய காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் ஒரு தவ் அளவை ஒட்டி இடைவெளி கேளுங்கள். பளபளவென்று கண்ணாடி போலத் திருப்பித் தந்தால் வாங்க வேண்டாம். கடைசியாக ஹோனிங் கல் ஓட்டி, சுவர் முழுவதும் குறுக்குமறுக்குக் கோடுகள் தெரிய வேண்டும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும், அவற்றின் மீது உரசித்தான் ரிங் படியும். ஸ்லீவின் அடிவாயில் சிறிய சரிவு இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். இந்த வண்டியில் பிஸ்டனை ராடில் மாட்டிய பிறகு பிளாக்கைத்தான் அதன் மேல் செருகுவோம், சரிவு இல்லையென்றால் ரிங் உள்ளே ஏறாது.

சைலன்சர் பக்கம் கேட்ட மெல்லிய ஒலிக்கு, எக்ஸாஸ்ட் வால்வையும் அது உட்காரும் இடத்தோடு பசை வைத்து உரசிவிடுங்கள். ஹெட் கையில் இருக்கும்போதே வால்வு சீல்களையும் மாற்றிவிடுவது நல்லது. விலை குறைவு, பிறகு அதற்காக மறுபடி திறப்பது வீண். உரசிய பின் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துப் பாருங்கள்; வால்வு ஓரத்தில் கசியாமல் நின்றால் சரி.

பதில்: ஐ.டி.ஐ. பயிற்றுநர், மதுரை

லேத்திலிருந்து வந்த பிளாக்கை என்ன செய்ய வேண்டும் என்பதைச் சேர்க்கிறேன், ஏனெனில் நல்ல போர் வேலை கெடுவது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஹோனிங் கல்லின் பொடி அந்தக் கோடுகளுக்குள் புகுந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை வெளியே எடுப்பதில்லை. வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சுவரைத் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவி உலர்ந்ததும் உடனே ஆயில் தடவிவிடுங்கள், இல்லையென்றால் வார்ப்பிரும்பு கண்முன்னே துரு பிடிக்கும்.

புதிய ரிங்குகளைப் புதிய போரில் வைத்து நுனி இடைவெளியை மறுபடி பாருங்கள். 0.10க்குக் கீழே இருந்தால் நுனியை மெல்லிய அரத்தால் நேராகத் தேய்த்துச் சரிசெய்யலாம். ரிங்கில் எழுத்துப் பொறித்த பக்கம் பிஸ்டனின் தலையை நோக்கி இருக்க வேண்டும். மேல் ரிங்குகளின் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் வட்டத்தை மூன்றாகப் பிரித்தது போல விலகி நிற்கட்டும். ஆயில் ரிங்கின் இரண்டு மெல்லிய தகடுகளின் நுனிகளும் ஒரே இடத்தில் வரக்கூடாது, நடுவிலுள்ள நெளிதகட்டின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடவும் கூடாது. பிஸ்டன் தலையில் உள்ள 'ஐ.என்.' என்ற குறி கார்புரேட்டர் பக்கம், அதாவது மேல்நோக்கி வர வேண்டும். பின்னைப் பிடிக்கும் லாக் இரண்டும் புதிதாகவே இருக்கட்டும். அதை மாட்டும்போது கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்த லாக்கை எடுக்க எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழி இருக்காது.

டைமிங்தான் முதல்முறை ஹெட் திறப்பவர்களுக்குப் பயம் தரும் பகுதி. உண்மையில் அது மிகத் தெளிவானது. இடப்பக்கத்தில் கிராங்க்கோடு சுழலும் மேக்னெட்டை இடஞ்சுழியாகத் திருப்பி, 'டி' என்ற கோட்டைக் குறியோடு நேராக நிறுத்துங்கள். கேம் ஸ்பிராக்கெட்டில் உள்ள வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக வர வேண்டும். செயின் டென்ஷனரின் ஸ்பிரிங்கைத் தளர்த்திய நிலையில் ஸ்பிராக்கெட்டைப் பூட்டி, பிறகு ஸ்பிரிங்கைப் போட்டு, மறுபடி இரண்டு குறிகளையும் பாருங்கள். செயின் தளர்வு ஒரு பல் அளவுக்கு ஏமாற்றக்கூடியது. எல்லாம் பூட்டிய பின் கிக்கரைத் தொடுவதற்கு முன் மேக்னெட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுக்கு மேல் திருப்புங்கள். எங்காவது கெட்டியாகத் தடுத்தால் அழுத்த வேண்டாம், நிறுத்திவிட்டுக் குறியைப் பாருங்கள். வால்வு வளைவது கிக்கரின் பலத்தில்தான், கையின் பலத்தில் அல்ல.

ஹெட் நட்டுகளைக் குறுக்காக, இரண்டு மூன்று கட்டங்களாக, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க் அளவுக்கு முறுக்குங்கள். எந்த ஸ்டட்டில் செப்பு வாஷர் இருந்தது, எதில் மூடிய நட்டு இருந்தது என்பதைக் கழற்றும்போதே குறித்திருந்தால் அதே இடத்தில் போடுங்கள். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் வழி ஒரு ஸ்டட் துளையை ஒட்டித்தான் இருக்கிறது, அங்குள்ள ரப்பர் வளையம் விடுபட்டால் ராக்கருக்கு ஆயில் போகாது. டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ளது) குளிர்ந்த எஞ்சினில் இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ.

பதில்: மேலூர் வாசகர்

எல்லோரும் தேய்ந்ததை எப்படி மாற்றுவது என்று சொல்லியிருக்கிறார்கள். அது ஏன் தேய்ந்தது என்பதையும் பார்த்துவிட்டு மூடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கம் கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் பிளாக்குகள் மேற்பகுதியிலேயே அதிகம் தேய்வதைப் பார்க்கிறோம். உங்கள் அளவுகளும் அதே வடிவில் இருக்கின்றன. கார்புரேட்டர் வழியாக வரும் மண்துகள் முதலில் சந்திப்பது மேல் ரிங் திரும்பும் இடத்தைத்தான். அங்கே ஆயிலும் குறைவு, சூடும் அதிகம். செக்கானூரணிச் செம்மண் பாதையில் தோட்டத்துக்குப் போகும் வண்டி என்றால் காற்று வடிகட்டியைத்தான் நான் முதலில் திறப்பேன்.

உங்கள் வண்டியில் பஞ்சு வகை வடிகட்டி இருந்தால், அதை மண்ணெண்ணெயில் கசக்கிக் கழுவி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தி, கியர் ஆயில் தோய்த்து, மிகுதியைப் பிழிந்துவிட்டுப் போட வேண்டும். உலர்ந்த பஞ்சு தூசியைப் பிடிக்காது. ஆயில் பசைதான் பிடிக்கும். பஞ்சு கையில் உதிர்ந்தால் புதிது வாங்குங்கள். இதைவிட முக்கியமானது வடிகட்டிப் பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய். இவ்வளவு பழைய வண்டியில் அந்த ரப்பர் கல்லாகி, மடிப்புகளில் வெடித்திருக்கும். வடிகட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த வெடிப்பு வழியாகத் தூசி நேராக உள்ளே போகும். குழாயைக் கழற்றி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். உட்புறத்தில் விரலை விட்டுத் தடவி, விரலில் மண் ஒட்டினால் அதுவே சாட்சி.

வலப்பக்கக் கிளட்ச் மூடியைத் திறக்கத் தெரிந்தவர் என்பதால் இதையும் செய்துவிடுங்கள்: அங்கே சுழலும் ஆயில் வடிகட்டிக் கிண்ணத்திலும் கீழேயுள்ள சல்லடையிலும் இத்தனை நாள் தேய்ந்த இரும்பும் மண்ணும் சேறாகப் படிந்திருக்கும். புதிய போரோடு அந்தச் சேற்றையும் வைத்து மூடினால், ஆயில் பம்ப் அதையே மேலே அனுப்பும்.

கேட்டவர்: செக்கானூரணி வாசகர்

லேத்தில் போர் கேஜ் வைத்து அளந்தார்கள், 0.25இல் துடைபடும் என்றார்கள். பிஸ்டனை வாங்கிக் கொடுத்துவிட்டேன். மேலூர் அண்ணன் சொன்ன ரப்பர் குழாயின் அடிப்பக்க மடிப்பில் நீளமான வெடிப்பு இருந்தது, உள்ளே செம்மண்ணும் இருந்தது. புதிய குழாய் வாங்கிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். முதல் முறை கிளப்பும்போது புகை வந்தால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? ரிங் படியும்வரை மெதுவாகவே ஓட்ட வேண்டுமா?

பதில்: திருமங்கலம் பட்டறைக்காரர்

பூட்டும்போது தடவிய ஆயிலும் சைலன்சருக்குள் ஏற்கெனவே படிந்திருக்கும் ஆயிலும் எரிந்து தீரும்வரை புகை வரும்; அதற்குப் பயப்பட வேண்டாம். புகை போனதா என்று பார்ப்பதற்காக நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிட வேண்டாம். பாரமில்லாமல் ஓடும் எஞ்சினில் ரிங்கைச் சுவரோடு அழுத்தும் வாயு அழுத்தம் போதாது. ரிங் படியாமல் சுவர் மட்டும் மெருகேறிவிடும். சூடேறியதும் சாலையில் எடுங்கள். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் நெடுந்தூரம் வேண்டாம், மேல் கியரில் எஞ்சின் திணறும்படி இழுக்கவும் வேண்டாம். கணவாய் ஏற்றத்துக்கு முதல் 500 கிலோமீட்டர் வரை தனியாகப் போங்கள், உர மூட்டை காத்திருக்கட்டும்.

கிளட்ச்சும் இதே ஆயிலில்தான் முழுகி ஓடுகிறது, ஆகவே கார் ஆயிலை ஊற்ற வேண்டாம். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. (ஆயிலில் முழுகி ஓடும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று இருக்க வேண்டும். முதல் ஆயிலை 500 கிலோமீட்டருக்குள் இறக்கிவிடுங்கள். அளவு பார்க்கும்போது வண்டியை நேராக நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கம்பியைத் திருகாமல் வைத்தெடுத்துப் பாருங்கள். இரண்டாவது ஆயில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் அளவு இறங்கி, ஏற்றத்தில் நீலம் தெரிந்தால், முதலில் ஆயில் ரிங்கின் நெளிதகடு ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அதைப் பார்க்கப் பிளாக்கை மறுபடி உருவத்தான் வேண்டும். அதனால் இப்போது மூடுவதற்கு முன்பே அந்தத் தகட்டின் முனைகளை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.